நொண்டி இங்கேதான் நிற்கும்

என் பிரியமுள்ள மச்சான் கோவிந்தனுக்கு,

உனக்குக் கோபம் வரப்போகிற செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நொண்டியை நான் சிட்னிக்கு அனுப்பவில்லை. உன் மகன் வந்தான், கிரேன் லாரி வந்தது, கப்பலில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள், சர்க்கார் முத்திரை குத்திய காகிதமும் இருந்தது. ஆனாலும் அனுப்பவில்லை. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்ட கடைசி ஆசை அதுதான் என்று தெரிந்தும் அனுப்பவில்லை. இப்போது திட்டு. திட்டி முடிக்கும்வரை காத்திருக்க எனக்கு நேரம் இருக்கிறது. கரும்பும் இல்லை, மாடும் இல்லை.

இதைப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன். இந்த விஷயத்தில் என்னை ஏசுகிறவர்கள் சிட்னியில் பாதி, ஆக்லாந்தில் பாதி, இந்தத் தீவில், பா டவுனில் மீதி. தனித்தனியாகப் பதில் சொல்ல என்னால் ஆகாது. உனக்குச் சொல்வதை அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் பாட்டன்மார் நாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கிற கோயில் குருக்கள், "பிழை திருத்தித் தரட்டுமா, பெரியவரே?" என்றார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியைப் பொட்டலம் கட்டிவந்த பழைய பத்திரிகைத் தாளில் நானே படித்தேன். நீயும் நானும் வாயால் பேசியது பாதிக்கு மேல் இந்தி. கையால் எழுதிக்கொண்டது மட்டும் தமிழ். அந்தத் தமிழ் இப்படித்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நொண்டி என்பது ஆள் இல்லை. ரராவாய் சர்க்கரை மில்லுக்குக் கரும்பு இழுத்த நீராவி எஞ்சின். சின்ன லைன், சின்ன எஞ்சின், பெரிய தொப்பை. சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் நாலு மூச்சு விடவேண்டும். இவளுக்கு மூன்று மூச்சு பலமாக வரும், நாலாவது இழுத்துக்கொண்டு வரும். கரும்பு வெட்டுகிற கூட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டு வைத்த பேர்தான் நொண்டி. இழுப்பில் ஒரு குறையும் கிடையாது. மற்ற எஞ்சின்கள் மேட்டில் நின்று மூச்சு வாங்கும். இவள் நொண்டிக்கொண்டே ஏறிவிடுவாள்.

நம் இரண்டு பேருக்கும் இருந்தது என்ன வியாதி என்று அப்போது யாருக்கும் தெரியாது. பா டவுனில் பிறந்தவன் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பார்க்கவில்லை என்றால் அவனை டாக்டரிடம் காட்டவேண்டும். நாம் மைதானத்தைத் தாண்டிப் போய் மில் வேலியோரம் நின்று, நெருப்பு அணைத்துப்போட்டிருந்த எஞ்சின்களைக் கம்பி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பெனி ரயிலில் அந்தக் காலத்தில் டிக்கெட் கிடையாது, யாரும் ஏறலாம். மற்றவர்கள் எங்காவது போய்ச் சேர ஏறினார்கள். நாம் எங்கும் போகவேண்டிய வேலை இல்லாமல் ஏறினோம். உன் அம்மா கோயிலில் உனக்காக மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டியது ஞாபகமிருக்கிறதா?

சிட்னி போன முதல் வருஷம் நீ எழுதினாய்: "முனு, இங்கே நம்மைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். தொப்பி போட்டுக்கொண்டு, காமிரா மாட்டிக்கொண்டு, கிளப் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பேர் ஹாபியாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் பைத்தியம், கடல் தாண்டினால் ஹாபி.

என் தங்கை பார்வதியை நீ கட்டிக்கொண்ட கதையை அவள் வாயால் கேட்டவர்கள் நிறைய. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் கரும்பு ஏற்றுகிற பக்கவாட்டு லைன் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று நீ உள்ளே வந்து உட்காரவே இல்லை. வெளியே நொண்டி நின்றுகொண்டிருந்தாள். உன் அப்பா மூன்று தடவை கூப்பிட்டார். "பொண்ணு எப்படிடா?" என்று கேட்டதற்கு, "நல்லா இழுக்கும்" என்றாய். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதிலிருந்து பார்வதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அவரு என்னைக் கட்டல, எங்க வீட்டு லைனைக் கட்டினாரு."

நீராவியின் கடைசி சீசனில் அந்த லைனிலேயே, எங்கள் மாமரத்தடியில், நொண்டியின் அச்சு முறிந்தது. வெள்ளைக்கார ஓவர்சியர் வந்தான். பார்த்தான். காலால் ஒரு உதை கொடுத்தான். "டீசல் வருகிறது. இது இங்கேயே கிடக்கட்டும், வேண்டுமானால் நீங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டான். முன்னும் பின்னும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்குக் கீழே இருந்தது மட்டும் மிஞ்சியது. கொடுத்ததற்கு நன்றி. அந்த உதைக்காக அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

மில்லில் கரும்பு அரவை தொடங்கும் நாளில் எஞ்சினுக்கு மாவிலை கட்டி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைப்பது கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், வந்தவர்கள் காலத்து வழக்கம். நொண்டி நின்றுபோன அடுத்த வருஷமும் நீ மாவிலையோடு வந்து நின்றாய். "செத்த எஞ்சினுக்கு என்னடா பூஜை?" என்றார் என் அப்பா. "செத்தவங்களுக்குத்தானே மாமா வருஷா வருஷம் செய்யறோம்?" என்றாய். அவர் வாயை மூடிக்கொண்டார். நீ அப்பா வாயை மூட வைத்தது அந்த ஒரு தடவைதான். பிறகு கோயில் திருவிழாவுக்கு வாங்கின மஞ்சளிலும் சிவப்பிலும் மிஞ்சிய பெயிண்டை அவளுக்கு அடித்தோம். வழியில் போகிறவர்கள் நின்று கும்பிட ஆரம்பித்தார்கள். நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்புறம் எண்பத்தேழு. நம் ஆட்கள் நிறைய இருந்த சர்க்காரைக் கவிழ்க்கப் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்ததை ரேடியோவில் கேட்டோம். அடுத்த வாரம் ரோட்டில் உன் லாரியை நிறுத்தினார்கள். யாரோ ஒரு துப்பாக்கிக்காரன், உன் மகன் வயசுக்கு நாலைந்து வயசுதான் கூட இருக்கும், உன்னை இறக்கி வெயிலில் உட்கார், எழு, உட்கார் என்றான். உன் மகன் ரவீன் லாரிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து நீ சாப்பிட்டாய், கை கழுவினாய், "போறேன் முனு" என்றாய். அவ்வளவுதான். பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. நொண்டியின் பக்கவாட்டில் கையை வைத்து, "உன்கிட்ட விட்டுட்டுப் போறேன், பாத்துக்கோ" என்றாய். என்னிடமா சொன்னாய், அவளிடமா?

ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் வருகிறேன்" என்று எழுதினாய். ஒரு தடவைகூட ஏன் வரவில்லை? கேட்டால் வேலை என்றாய், பிள்ளை படிப்பு என்றாய், முதுகு என்றாய். இரண்டாயிரத்தில் மறுபடியும் துப்பாக்கி தூக்கினார்கள். "இப்பவாவது கிளம்பு" என்று நீங்கள் எல்லாரும் போனில் கத்தினீர்கள். போன டிசம்பரில் இன்னொரு தடவை. எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் தெருவில் நாலு வீடு பூட்டும். கடைசியில் கல்யாணத்துக்கு மேளம் அடிக்க ஆள் இல்லை, சாவுக்குத் தூக்க ஆள் இல்லை. நான் கிளம்பவில்லை. எனக்குத் தைரியம் அதிகம் என்று நினைக்காதே. என்னை யாரும் போகச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். நானாகப் போகத் தோன்றினால் போயிருப்பேன். போ என்று துப்பாக்கி சொல்லும்போது எப்படிப் போவது?

துப்பாக்கியால் ஆகாததைக் காகிதம் செய்தது. குத்தகை முடிந்தது. நிலம் பக்கத்து ஊர்க்காரர்களுடையது, இந்தத் தீவின் பூர்வகுடிகள். எங்கள் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குத்தான் பயிர் வைத்தோம். அவர்கள் பிள்ளைகளுக்கும் நிலம் வேண்டுமாம், புதுப்பிக்கவில்லை. அந்த ஊர்த் தலைவர் சைமோனி வீடு தேடி வந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த மரியாதைக்காக அவர்மேல் எனக்குக் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது. இப்போது நான் ரராவாயில், மில் சங்கு காதில் விழுகிற தூரத்தில், ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறையில் இருக்கிறேன். கரும்பு நின்ற இடத்தில் மரவள்ளி நிற்கிறது. மரவள்ளிக்கு நடுவில் நொண்டி நின்றாள். பஸ் ஏறிப் போய் வாராவாரம் எண்ணெய் போட்டுவிட்டு வந்தேன்.

இந்த நிலைமையில்தான் நீ செத்துப்போனாய். ரவீன் வந்தான்.

அவனோடு உன் கிளப்பைச் சேர்ந்த பீட்டர் என்கிற வயதானவர் வந்தார். அந்த மனுஷனை நான் குறை சொல்லமாட்டேன். நொண்டியைப் பார்த்ததும் முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு சட்டையையும் கழற்றிவிட்டு அடியில் படுத்துவிட்டார். சின்னச் சுத்தியலால் கொதிகலனைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் மணி போலக் கேட்டது. நிறைய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி போலக் கேட்டது. எழுந்து வந்து, "புகைபோக்கியை ஏன் மூடி வைக்கவில்லை?" என்றார். இத்தனை வருஷ மழையும் அது வழியாக உள்ளே இறங்கி அரித்துவிட்டதாம்.

அவருக்கு எப்படிச் சொல்வது? மூடினால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று நாம் மூடவில்லை. நான் தகரம் வைத்தேன், நீதான் எடுத்து எறிந்தாய். சொன்னேன். பீட்டர் என்னைப் பார்த்தார், ரவீனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அப்ப அப்பாவும் நீங்களும் சேர்ந்து அதைக் கொன்னுட்டீங்க" என்றான் ரவீன். அவன் பேசியது இந்தியும் இங்கிலீசும். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இருபது வருஷம் தூரத்தில இருந்து பாக்காம இருந்தவங்க பேசறதில்ல" என்றேன்.

"இந்தப் பெயிண்ட் என்ன மாமா? அப்பா காட்டின பழைய போட்டோவில பச்சையாத்தானே இருந்துச்சு?"

"அது பொறந்த கலர். இது வளர்ந்த கலர்."

பீட்டர் விவரமாகச் சொன்னார். புதுக் கொதிகலன் போடவேண்டும். அதை இங்கே செய்ய ஆள் இல்லை. அவர்கள் ஊரில் ஆள் உண்டு, பட்டறை உண்டு, ஓட விட லைன் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுமாம். உன் பேரைப் பித்தளைத் தகட்டில் எழுதி மாட்டுவார்களாம். அவர் சொன்னது எல்லாம் சரி. அவள் மறுபடி ஓடவேண்டும் என்றால் அங்கேதான் ஓடமுடியும். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். சுலபமான விஷயமாக இருந்தால் உனக்கு ஏன் எழுதுகிறேன்?

"முடியாது" என்றேன்.

"மாமா, கடைசி வாரம் அப்பா வேற எதையும் பேசல. அம்மாவைக்கூடக் கேக்கல. அது ஓடறதைப் பாக்கணும், நாலாவது மூச்சைக் கேக்கணும்னு மட்டும்தான்."

"கேட்டிருக்கலாம். அது ஓடின காலத்தில காது நிறையக் கேட்டுட்டுத்தான போனான்?"

"பாதி அவருடையது. கம்பெனி ரெண்டு பேருக்கும்தான் குடுத்தது."

"அப்ப பாதியை எடுத்துட்டுப் போ. எந்தப் பாதி வேணும்? முன்பாதியா, தொப்பையா?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. உன் முகம்தான், மச்சான், அப்படியே. "எங்கப்பாவை நடுரோட்டில உட்கார வெச்ச ஊர்ல எங்கப்பா எஞ்சின் எதுக்கு இருக்கணும்? இந்த மண்ணுக்கு அவர் என்ன செய்யலை? நீங்க வெச்சிருந்த நிலத்தையும் பிடுங்கிட்டாங்க. இன்னும் என்ன குடுக்கணும்னு பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

அது நியாயமான கேள்வி. "அந்த ரோட்டில நான் தினமும் நடக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். இரவு பார்வதி போன் செய்தாள். "அண்ணா, செத்த மனுஷன் ஆசை" என்றாள். முடியாது என்றேன். "நீ எப்பவும் இப்படித்தான், கல்லு" என்று வைத்துவிட்டாள்.

காலையில் கிரேன் லாரி பா டவுனிலிருந்து கிளம்பிவிட்டது. நொண்டி நிற்கிற இடத்துக்குப் போக சைமோனியின் ஊருக்குள்ளே போகிற பாதை ஒன்றுதான். சர்க்கார் காகிதம் எல்லாம் ரவீனிடம் இருந்தது. ஊரில் மட்டும் அவன் கேட்டிருக்கவில்லை. நான் சொன்னேன்: "கேக்காம லாரி உள்ள போகாது. வா, ரெண்டு பேரும் போவோம். உனக்கு வேண்டியதை நீ கேளு. எனக்கு வேண்டியதை நான் கேக்கறேன்." அவன் பையிலிருந்து விமானத்தில் வாங்கிவந்த விஸ்கி பாட்டிலை எடுத்தான். இந்த மண்ணில் பிறந்த பிள்ளை! ஒருவருடைய மண்ணில் கேட்கப் போகும்போது இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டை முன்னால் வைத்துக் கேட்கவேண்டும் என்பது பா டவுனில் பஸ் ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். நான் எனக்காக வாங்கிவைத்திருந்த கட்டைப் பிரித்துப் பாதியை அவன் கையில் கொடுத்தேன். சண்டை வேறு, மரியாதை வேறு.

பாயில் உட்கார்ந்தோம். சைமோனி நடுவில், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கமும். சைமோனி நம் வயசுக்காரர். நொண்டி மேட்டில் ஏறும்போது பின்னால் ஓடிவந்து கரும்பு உருவுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். ரவீன் வேரை வைத்தான். காலை மடக்கி உட்காரத் தெரியாமல் தவித்தான், ஆனால் நன்றாகப் பேசினான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, லாரிக்கு வழி வேண்டும், அவ்வளவுதான் என்றான். மறைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எதிராளியாக இருந்தாலும் மருமகன்தானே.

சைமோனி என்னைப் பார்த்தார். "முனு என்ன சொல்றார்?"

அந்த நேரத்தில்தான் ரவீன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது, மச்சான். அதுவரை நான் யோசித்தது எல்லாம் எப்படிப் பிடித்து வைப்பது என்றுதான். பிடித்து வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? நிலம் இல்லை. காகிதம் இல்லை. எனக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். நான் போன மறுநாள் இன்னொரு கிரேன் வரும். பிடித்து வைப்பதால் ஒன்றும் நிற்காது.

என் பங்கு வேரை முன்னால் தள்ளினேன். "எஞ்சினை உங்க ஊருக்குக் குடுக்கறேன்" என்றேன்.

ரவீன் "மாமா!" என்று கத்திவிட்டான். பெரியவர் ஒருவர் அவன் தோளில் கை வைத்து உட்கார்த்தினார்.

சைமோனி முன்னால் கிடந்த வேரைப் பார்த்தார். பிறகு இந்தியில், மெதுவாகக் கேட்டார்: "உன் கரும்பு நிலத்தை நாங்க திரும்ப எடுத்துக்கிட்டோம். அதுக்கப்புறம் நீ எங்களுக்குக் குடுக்கறியா?"

"ஆமாம். வாங்கிக்க முடியுமா, முடியாதா?"

"வாங்கிக்கிட்டா அது எங்க பாரம். விக்க முடியாது, எறிய முடியாது, அடுத்தவன் கைக்குப் போக விட முடியாது. பாயில வெச்சுக் குடுத்தது அப்படி."

"அதுக்குத்தான் குடுக்கறேன்."

"சும்மாவா?"

"சும்மா இல்ல. ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு வருஷமும் அரவை தொடங்கற நாள் எங்க ஆளுங்க வருவாங்க. எஞ்சினுக்குச் செய்யறதைச் செய்வாங்க. நான் இருந்தாலும் வருவாங்க, இல்லாட்டியும் வருவாங்க."

"வரட்டும். வந்து சொல்லிட்டுப் போகட்டும்."

"இல்ல. சொல்ல மாட்டாங்க. கேக்கவும் மாட்டாங்க. வேர் கொண்டுவர மாட்டாங்க. சொந்த வீட்டுக்கு வர மாதிரி நேரா வருவாங்க. அந்த எஞ்சின் நிக்கற நீளம், அந்த அகலம், அதுக்குள்ள எங்க ஆள் யாரையும் யாரும் ஏன் வந்தேன்னு கேக்கக்கூடாது. இதுதான் நிபந்தனை."

பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அவர்கள் பாஷை பாதி புரியும். அந்தப் பாதியில் என்னைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. கடைசியில் சைமோனி சிரித்தார். "முனு, நாப்பது வருஷம் குத்தகைக்கு இருந்தே. இன்னைக்குத்தான் எங்ககிட்ட நிலம் வாங்கறே" என்றார். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகக் கையைக் குவித்து மூன்று தடவை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். முடிந்தது.

திரும்பி வரும்போது ரவீன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். லாரி வந்த வழியே போனது. அன்றைக்கே டவுனில் செய்தி பரவிவிட்டது. கடைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்: "ஏன்யா, நிலத்தைப் புடுங்கினவனுக்கு எஞ்சினையும் தூக்கிக் குடுத்தியே, உனக்கு ரோஷம் இல்லையா?" அவர் பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில். அவர் கடையில் விற்பனைக்குப் பலகை தொங்குகிறது. என்னிடம் ரோஷம் கேட்கிறார்.

அவருக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும். நம் ஆட்கள் இந்தத் தீவில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தோம். ஏர் பிடித்தோம், லைன் போட்டோம், கோயில் கட்டினோம். இத்தனைக்கும் குத்தகை முடிந்தால் எழுந்து போ என்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். யாரையும் கேட்காமல் போய் நிற்க ஓர் அடி மண் நமக்கு இல்லை. இப்போது ஓர் எஞ்சின் நீளத்துக்கு இருக்கிறது. அதை எனக்கு எந்த சர்க்காரும் கொடுக்கவில்லை, எந்தப் பட்டாளமும் பறிக்க முடியாது. கொடுத்துத்தான் அதை வாங்க முடிந்தது. நீ உன் பாதியையும் இழந்தாய் என்று ரவீன் சொல்கிறான். இல்லை. உன் பாதியைச் சேர்த்துக் கொடுத்ததால்தான் உன் மகனுக்கும் அந்த மண்ணில் பாத்தியதை வந்தது. ரோட்டில் உன்னை உட்கார வைத்த அதே ஊரில், உன் பேரப்பிள்ளைகள் யாரையும் கேட்காமல் வந்து நிற்கலாம்.

நீ கேட்டது இது இல்லை. தெரியும். அவள் ஓடவேண்டும் என்றாய். அவள் இனி ஓடமாட்டாள். அந்த நாலாவது மூச்சை இனி யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே சூடாக ஓடுவதைவிட இங்கே குளிர்ந்து நிற்கட்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். உன்னைக் கேட்கவில்லை. உயிரோடு இருந்தால் கேட்டிருப்பேனா? அப்போதும் கேட்டிருக்கமாட்டேன். நீ போகும்போது என்னைக் கேட்டாயா?

பீட்டர் மட்டும் விசித்திரமான மனுஷன். "நான் பார்த்ததிலேயே முட்டாள்தனமான முடிவு இது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு, டிக்கெட் இருந்த மீதி நாளெல்லாம் கிரீஸ் டப்பாவோடு மரவள்ளிக்குள் வந்து உட்கார்ந்தார். நாலு பையன்களை வைத்துக்கொண்டு துருவைச் சுரண்டினார். புகைபோக்கிக்கு ஊர்ப் பெண்கள் கைப்பிடி உடைந்த பெரிய சமையல் பானை ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். மூச்சு முட்டுமே என்று எனக்கு ஒரு நிமிஷம் பதறியது. சும்மா இருந்தேன். மஞ்சளைச் சுரண்டிப் பச்சை அடிக்கலாமா என்று பீட்டர் கேட்டார். சைமோனியின் மனைவி முந்திக்கொண்டு, "மஞ்சள்தான் அழகு, வேண்டாம்" என்றாள். இப்போது முடிவு அவர்களுடையது அல்லவா? நான் சிரித்துக்கொண்டேன்.

ரவீன் என் அறையில் சாப்பிடாமல்தான் சிட்னிக்குப் போனான். உன் மகன், போகட்டும், பசித்தால் தெரியும்.

பார்வதி ஆறு வாரம் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அண்ணா என்றுகூடக் கூப்பிடவில்லை.

"அந்த ஊர்க்காரங்க நெஜமாவே ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்கக்கூடாது. பேச்சு அப்படி."

"நான் வந்து நின்னா?"

"நீ வந்து நின்னாலும்."

"அவரு சொன்னதைச் செய்யாத மனுஷன் நீ. உன்னை நான் மன்னிக்கல. டிக்கெட் போடச் சொல்லிட்டேன். சண்டை போடத்தான் வரேன்."

"வா. சண்டை போடவாவது வா" என்றேன்.

எண்பத்தேழில் போனவள். உன் மனைவியாகப் போனவள், தனியாக வருகிறாள். இரண்டு வாரம் இருப்பாளாம். இரண்டு வாரமும் என்னை ஏசுவாள். அந்த ஏச்சு முழுவதையும் நான் நொண்டிக்குப் பக்கத்தில் நின்று, மண்ணில் கால் ஊன்றி, வாங்கிக்கொள்வேன். அவள் ஏசி முடித்தபிறகும் நொண்டி அங்கேயே நிற்பாள்.

நாந்தி விமான நிலையத்துக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். உன்னை, உன் தம்பிகளை, என் பிள்ளைகளை, பக்கத்து வீட்டை, எதிர் வீட்டை. வழியனுப்பத்தான் போயிருக்கிறேன். அழைத்துவர ஒருநாளும் போனதில்லை. உள்ளே வருகிறவர்கள் எந்தக் கதவு வழியாக வருவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த மாதம் போகிறேன். விசாரித்து அந்தக் கதவுக்கு நேரே போய் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் பார்வதிக்கு அண்ணன்,
உனக்கு எந்நாளும் மச்சான்,
முனுசாமி
ரராவாய், பா